தலைக்கு மேல் எந்தக் கண்ணாடி?

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துப் பழைய கடைவீடுகளில், காற்றும் வெளிச்சமும் வருவதற்காக நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்று விட்டிருப்பார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அப்படிப்பட்ட கடைவீட்டில் டியூஷன் மையம் நடத்தி வந்தார். முற்றத்தையும் வகுப்பறையாக்கலாம் என்று அதற்கு மேல் கண்ணாடிக் கூரை போட்டார். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. ஒரு விடியற்காலையில் அதில் ஒரு கண்ணாடி தானாக வெடித்துவிட்டது. புயலும் இல்லை, கல் எறிந்தவரும் இல்லை. முந்தின நாள் மாலை அதற்கு நேர் கீழேதான் பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உடைந்த ஒன்றை மட்டும் இலவசமாக மாற்றித் தருவதாகக் கூரை போட்ட குத்தகையாளர் சொன்னார். "எல்லாத்தையும் மாத்துங்க, இல்லேன்னா பிள்ளைங்கள அங்க உட்கார வைக்க மாட்டேன்" என்றார் டீச்சர். பேச்சு முறிந்தது. வழக்குக் கட்டு வழக்கறிஞரான என்னிடம் வந்தது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் வாங்கும் பொருள்களுக்கானது. டியூஷன் மையம் தொழில். அதனால் 100,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், ஜாலான் டூத்தா வளாகத்தில், வழக்கைப் பதிவு செய்தோம்.

கொட்டேஷனில் கண்ணாடியைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: டெம்பர்ட் கண்ணாடி, 12 மில்லி. போட்டதும் அதுவேதான். எழுதியபடி செய்த பிறகு என் கட்சிக்காரர் மேல் என்ன குற்றம் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நான் முதலில் கண்ணாடியைப் படிக்க வேண்டியிருந்தது.

சாதாக் கண்ணாடியை 600 பாகைக்கு மேல் சூடாக்கி, குளிர்ந்த காற்றை வேகமாக அடித்துச் சட்டென்று ஆற வைத்தால் அது டெம்பர்ட் கண்ணாடி. சாதாக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம். உடைந்தால் கத்தி போல் பிளக்காது, கற்கண்டு போல் பொடிப்பொடியாக உதிரும். கதவுக்கும் குளியலறைத் தடுப்புக்கும் அது நல்லது. லேமினேட்டட் கண்ணாடி வேறு வகை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டியிருப்பார்கள். உடைந்தாலும் துண்டுகள் அந்த ஏட்டைப் பிடித்துக்கொண்டு சட்டத்திலேயே நிற்கும். தலைக்கு மேல் போடும் கண்ணாடிக்கு வேண்டியது இந்தக் குணம்தான். பலமாக இருந்தால் மட்டும் போதாது, உடைந்த பிறகும் கீழே விழக் கூடாது.

டெம்பர்ட் கண்ணாடிக்கு இன்னொரு சங்கடம் உண்டு. தயாரிக்கும்போது நிக்கல் சல்ஃபைடு துகள் ஒன்று உள்ளே அகப்பட்டிருக்கலாம். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணாடியைச் சட்டென்று ஆற வைக்கும்போது தன் பழைய உருவுக்குத் திரும்ப நேரமில்லாமல் நின்றுபோன அந்தத் துகள், மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ மெல்ல மாறிப் பருக்கும். ஒரு நாள் கண்ணாடி தானாக வெடிக்கும். இதைக் குறைக்கத்தான் தொழிற்சாலையில் கண்ணாடிகளை மறுபடியும் 260 முதல் 290 பாகை வரை சூடாக்கி வைத்திருப்பார்கள். வெடிக்க வேண்டியவை பெரும்பாலும் அங்கேயே வெடித்துவிடும். இந்த வெப்பச் சோதனைக்குத் தனிச் செலவு உண்டு. எங்கள் கூரைக் கண்ணாடிக்கு அது செய்யப்படவில்லை.

சாட்சியம் கிடைத்தது டீச்சரின் முன்யோசனையால். வெயிலுக்காகக் கண்ணாடியின் அடியில் டின்டெட் ஃபிலிம் ஒட்டியிருந்தார். வெடித்த கண்ணாடியில் பெரும்பகுதி கொட்டிவிட்டாலும், ஒரு மூலை ஃபிலிமோடு ஒட்டித் தொங்கியது. அதைப் பெருக்கித் தள்ளாமல், அட்டையில் பரப்பி, மேலே டேப் ஒட்டி, தேதி எழுதி வைத்திருந்தார். பொருளறிவியல் நிபுணர் உருப்பெருக்கியில் பார்த்தபோது, விரிசல்கள் எல்லாம் புறப்பட்ட இடத்தில் இரண்டு சில்லுகள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகளாக ஒட்டியிருந்தன. இரண்டும் சேரும் கோட்டில் கறுப்பாக ஒரு புள்ளி. அதுதான் நிக்கல் சல்ஃபைடு.

ஃபிலிம் ஒட்டியதால் சூடேறி வெடித்தது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஒரே பலகையில் வெயில் படும் இடத்துக்கும் நிழலில் உள்ள ஓரத்துக்கும் 40 பாகை அளவு வித்தியாசம் வந்தால் சாதாக் கண்ணாடி விரிசல் விடலாம். டெம்பர்ட் கண்ணாடி ஏறத்தாழ 200 பாகை வரை தாங்கும். போதாததற்கு, வெடித்தது விடியற்காலை. அந்த வாதம் அத்தோடு சரி.

அடுத்து, நிக்கல் சல்ஃபைடு டெம்பர்ட் கண்ணாடியின் இயல்பு, யாராலும் தடுக்க முடியாது என்றார்கள். நான் காத்திருந்த வாதம் இது. குறுக்கு விசாரணையில் குத்தகையாளரிடம் கேட்டேன்: "இது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்த விஷயமா?" "தெரியும்." "டீச்சரிடம் சொன்னீர்களா?" பதில் வரவில்லை. வேலைக்கு முன் நடந்த வாட்ஸ்அப் பேச்சை, 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 90ஏ பிரிவின்படி, காட்டினேன். "தம்பி, கீழே பிள்ளைங்க படிப்பாங்க, எது போட்டா பாதுகாப்பு?" என்று டீச்சர் கேட்டிருந்தார். "டெம்பர்ட் போடுங்க-க்கா, உடையவே உடையாது" என்பது குத்தகையாளரின் பதில்.

வழக்கின் உயிர் அந்தப் பதிலில் இருந்தது. 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவு சொல்வது இது: எதற்காக வாங்குகிறேன் என்று தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும். இது விற்பனையல்ல, பொருளோடு சேர்ந்த வேலை என்று ஆட்சேபம் எழுந்தது. அதற்கு 1968இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த யங் அண்ட் மார்ட்டன் வழக்கைக் காட்டினேன். அதுவும் கூரை வழக்குதான், ஓட்டுக் கூரை. இன்ன ஓடுதான் வேண்டும் என்று வேலை கொடுத்தவரே குறித்துக் கொடுத்தால், அது பொருந்துமா என்ற பொறுப்பு வேலை செய்பவரைச் சேராது; ஆனாலும் ஓட்டில் மறைந்திருக்கும் குறைக்கு அவரே பொறுப்பு. எங்கள் வழக்கில் டீச்சர் எதையும் குறிக்கவில்லை. கேட்டார், குத்தகையாளர் தேர்ந்து கொடுத்தார். ஆக, இரண்டு பொறுப்பும் அவருடையவை.

ஒன்று உடைந்ததற்கு எல்லாவற்றையும் மாற்றுவானேன்? இதற்கு லண்டனின் 125, ஓல்ட் பிராட் ஸ்ட்ரீட் வழக்கு உதவியது. பழைய பங்குச் சந்தைக் கோபுரம் அது. 2008க்கும் 2012க்கும் இடையில் 17 கண்ணாடிகள் வெடித்தன. அடுத்தது எது என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. கண்ணாடிகளை மாற்றிய செலவுக்காகக் கட்டுமான நிறுவனம் 14.7 மில்லியன் பவுண்டு கட்ட வேண்டும் என்று 2017இல் தீர்ப்பானது.

எங்கள் மாஜிஸ்திரேட், கூரை முழுவதையும் லேமினேட்டட் கண்ணாடியாக மாற்றும் செலவைக் கொடுக்கச் சொன்னார். ஆனால் முதலிலேயே சரியான ஆலோசனை கிடைத்திருந்தால் அந்தக் கூடுதல் விலையை டீச்சர்தானே கொடுத்திருப்பார் என்று, இரண்டு வகைக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டார். மையம் மூடிக் கிடந்த நாள்களின் வருமானத்தில், ரசீது இருந்த அளவுக்குத்தான் கிடைத்தது. இரண்டும் நியாயம் என்றே எனக்குப் பட்டது. மேல்முறையீடு இல்லை.

வீடோ கடையோ கட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மில்லி கணக்கு கண்ணாடியின் தடிப்பைச் சொல்லும், வகையைச் சொல்லாது. எந்த இடத்துக்கு, அதன் கீழே யார் இருப்பார்கள், எந்த வகைக் கண்ணாடி, வெப்பச் சோதனைச் சான்றிதழ் உண்டா என்ற நான்கையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், வேறு ஆளைப் பாருங்கள்.