பன்னிரண்டு நொடிக்கு ஒரு குடும்பம்

கராடி என்றால் புனேவாசிகளுக்கு இயான் ஐடி பூங்காவும் உலக வர்த்தக மையமும்தான் நினைவுக்கு வரும். ஒரு தலைமுறைக்கு முன்பு அவை நிற்கும் இடமெல்லாம் விளைநிலம். கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி முளா-முத்தா ஆற்றுப் பக்கம் இறங்கினால், ஏர் பிடிக்க ஒரு குழி நிலம்கூட மிஞ்சாத வீடுகளில் இன்னமும் கில்லாரிக் காளைகள் கட்டிக் கிடக்கின்றன. அவை உழவுக்கு அல்ல, பைல்காடா என்கிற மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு. இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மரபு என்று மார்தட்டுகிறார்கள், அல்லது வதை என்று கொதிக்கிறார்கள். இரண்டு தரப்பும் பார்ப்பது பந்தய நாளை மட்டுமே. மற்ற நாட்களின் தொழுவத்தைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இது ஒரு குடும்பம் மொத்தமாகச் செய்யும் கைத்தொழில். இதைக் கெடுக்கப்போவது நீதிமன்றமும் அல்ல, விலங்கு ஆர்வலரும் அல்ல, பரிசு.

முதலில் பந்தயத்தின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பந்தயங்களிலிருந்து அது வெகுவாக வேறுபடுகிறது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத் தார்ச்சாலையில் மைல் கணக்கில் ஓட்டுவார்கள்; சாரதியின் கெட்டிக்காரத்தனம்தான் அங்கே பாதி வெற்றி. புனே மாவட்டத்துப் பந்தயம் பொள்ளாச்சி, உடுமலை ரேக்ளாவுக்குத்தான் கொஞ்சம் நெருக்கம்: குறுகிய மண் தடம், நொடிக் கணக்கு. ஆனால் இங்கே தடம் மேட்டை நோக்கி ஏறுகிறது. வண்டிக்கு நான்கு காளைகள், முன்னே ஒரு ஜோடி, பின்னே ஒரு ஜோடி. அவற்றுக்கும் முன்னால் ஒருவர் குதிரையில் பாய்கிறார். வண்டியில் ஆளே கிடையாது. அவிழ்த்து விட்ட பிறகு கடிவாளம் இல்லை, அதட்டல் இல்லை, திருத்திக்கொள்ள வழியும் இல்லை. பன்னிரண்டு நொடி, பதின்மூன்று நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அதனால் காளைக்குக் கற்றுத் தரவேண்டியதை எல்லாம் முன்பே வீட்டில் கற்றுத் தந்திருக்க வேண்டும். வேலை முழுவதும் தொழுவத்துக்கு வந்து சேர்வது இதனால்தான்.

அந்த வேலை வீட்டுக்குள் எப்படிப் பங்கு பிரிகிறது என்பதுதான் நான் கவனித்ததில் முக்கியமானது. கில்லாரி சோலாப்பூர், சாங்லி, சாத்தாரா வறண்ட நிலத்து இனம். பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்பு, இறுகிய உடம்பு, முன்கோபம். அந்நியன் கை பட்டால் சீறும். ஆகவே அதைத் தொடுகிறவர்கள் மாறாமல் இருக்க வேண்டும். சோளத் தட்டையை நறுக்கிப் போடுவது, உளுந்து மாவைப் பிசைந்து உருண்டை பிடிப்பது, பால் ஊட்டுவது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில். மாவு உருண்டையை நீட்டும்போது காளை நாக்கைச் சுழற்றி விரலோடு சேர்த்து வளைக்கிறது, கை விலகுவதில்லை. குளம்பைத் தூக்கிப் பிளவில் சிக்கிய கல்லை நோண்டி எடுப்பது, மூக்கணாங்கயிறு உரசிய இடத்தில் மஞ்சள் வைப்பது பெரியவரின் வேலை. விடியலில் நடை பழக்குவதும் நீச்சலுக்குக் கொண்டுபோவதும் இளைஞர்களுடையவை. ஆற்றில் நகரத்துச் சாக்கடை ஓடுவதால் நீச்சலுக்கு வாகோலிக்கு அப்பால் கிணறு, குட்டை தேடி டெம்போவில் ஏற்றிப் போகவேண்டியிருக்கிறது. காளைக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க டீசல் செலவு என்பது இந்நகரம் சேர்த்த புது வரவு. பந்தயத்துக்கு நான்கு காளை வேண்டும், எல்லா வீட்டிலும் நான்கு இருக்காது. ஆகவே ஒரு வீட்டு முன்ஜோடியும் இன்னொரு வீட்டுப் பின்ஜோடியும் சேர்ந்து ஒரு வண்டியாகின்றன. ஒலிபெருக்கியில் இரண்டு உரிமையாளர் பெயரும் சேர்ந்தே ஒலிக்கும். சித்திரை, வைகாசித் திருவிழாக்காலம் முழுதும் இந்தக் கூட்டு நீடிக்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். நிலத்தை விற்றுப் பணம் பார்த்தவர்களின் பகட்டுக்கு ஏன் கைத்தொழில் என்று பெயர் சூட்ட வேண்டும்? பகட்டு இருக்கிறது, மறுக்கவில்லை. கழுத்துச் சங்கிலியின் கனம் சொல்லும். ஆனால் பகட்டு மட்டுமே காரணம் என்றால் ஒரு காலகட்டத்தை விளக்க முடியாது. 2011இல் மத்திய அரசு காட்சிக்குப் பழக்கக்கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மகாராஷ்டிர வண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே தடுத்தது. 2017இல் மாநிலம் சட்டம் திருத்தியும் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அது நின்றுபோனது. மறுபடி அனுமதி வந்தது 2021 டிசம்பர் 16 அன்று. ஏழு ஆண்டுக்கு மேல் முறையான பந்தயம் இல்லை, மேடை இல்லை, மாலை இல்லை. பலர் காளைகளை விற்றார்கள். சிலர் விற்கவில்லை, ஓடாத காளைக்கு நாள் தவறாமல் உருண்டை பிடித்துப் போட்டார்கள். பார்வையாளரே இல்லாத இடத்தில் பகட்டுக்கு என்ன வேலை?

வதை பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வாலை முறுக்குவது, கடிப்பது, ஆணி பதித்த குச்சியால் குத்துவது, மின்னதிர்ச்சி கொடுப்பது எல்லாம் கட்டுக்கதை அல்ல. காளையின் உடலமைப்பே பந்தயத்துக்கானது அல்ல என்று 2014 தீர்ப்பு சொன்னதற்கும் முழு மறுப்பு என்னிடம் இல்லை. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கர்நாடகச் சட்டங்களை ஏற்றுக்கொண்டதால் பந்தயம் சட்டப்படி செல்லும் என்று ஆயிற்றே தவிர, காளைக்கு வலிக்காது என்று ஆகிவிடவில்லை. ஆனால் இந்தக் கொடுமைகளை எந்தக் கை செய்கிறது என்று கேட்க வேண்டும். பல பருவங்கள் ஓடவேண்டிய காளையைக் குத்திக் கெடுக்க, அதை வளர்த்த வீட்டுக்கு லாபம் ஏதும் இல்லை. குத்திய கையை அடுத்த நாள் அது கிட்டவே விடாது. போன மாதம் வாங்கி, வென்றதும் விற்கக் காத்திருப்பவருக்கு அந்தக் கவலை கிடையாது.

அப்படி வாங்கி விற்கும் ஆட்களை உண்டாக்குவது பரிசுதான். 2022 மே மாதம் புனேவை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வடின் சிக்கலியில் நடந்த பந்தயத்தில் முதல் பரிசு ஒரு ஜேசிபி இயந்திரம். நம் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டிலும் காரும் டிராக்டரும் பரிசாக வந்தாகிவிட்டன. ஓர் ஓட்டத்துக்கு இவ்வளவு கிடைக்கும் என்றால் காளையின் விலை லட்சங்களில் ஏறும். விலை ஏறினால் இரண்டு வீடு சேர்ந்து வண்டி கட்டுவது போய், ஒரே பணக்காரர் நான்கையும் வாங்குவார், பராமரிக்கச் சம்பள ஆள் வைப்பார். கில்லாரி இனம் பந்தயத்தால் பிழைக்கிறது என்ற வாதமும் அப்போது இளைத்துவிடும். வேகமான சில காளைகளுக்கு விலை ஏறுவதால் பசுக்களை யாரும் கூடுதலாக வளர்த்துவிடப் போவதில்லை.

இந்தச் சிக்கல் காளைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கச் சிற்றூர்களில் பழைய கார்களைக் கொட்டகையில் வைத்துக் குடும்பமாகப் பிரித்துப் பூட்டி, வார இறுதியில் மண் தடத்தில் ஓட்டும் ஸ்டாக் கார் பந்தயம் உண்டு. பணக்காரர்கள் விலையுயர்ந்த எஞ்சினோடு வந்து ஆட்டத்தைக் கெடுக்காதிருக்க அங்கே சில பிரிவுகளில் ஒரு விதி வைத்தார்கள். முன்னணியில் முடித்த காரின் எஞ்சினைப் போட்டியாளர் ஒருவர் நிர்ணயித்த சிறு தொகைக்குக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். பெரும் பணம் போட்டால் அதை இழக்க நேரும் என்பதால் யாரும் போடமாட்டார்கள். காளைக்கு இந்த விதி பொருந்தாது. மாவு உருண்டை ஊட்டிய கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கொடுக்கச் சொல்வது இன்னொரு வதை. ஆனால் செலவுக்கு வரம்பு கட்டினால்தான் குடும்பம் களத்தில் நிற்கும் என்ற அவர்களின் கணக்கு சரி.

மகாராஷ்டிர விதிகள் தடத்தின் நீளத்துக்கு 1,000 மீட்டர் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இன்றிப் பந்தயம் நடத்த முடியாது. அந்த அனுமதிக் கடிதத்திலேயே பரிசு மதிப்புக்கும் ஒரு வரம்பு எழுதலாம். மிஞ்சும் நன்கொடையைத் தடத்தின் இரு முனையிலும் கால்நடை மருத்துவரை நிறுத்தவும், கன்று வளர்ப்போருக்கு உதவவும் திருப்பலாம். நம் மாவட்டங்களில் ஜல்லிக்கட்டும் மாட்டுவண்டிப் பந்தயமும் நடத்தும் விழாக் குழுவினரும் அடுத்த தை மாதத்துக்குள் இதை யோசித்து, காரையும் டிராக்டரையும் பரிசுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.