கடைமடையிலிருந்து வைகை

ஆற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் மலையில் தொடங்கிக் கடலில் முடிப்பது வழக்கம். வைகையை அப்படிப் பார்த்தால் அது பாதியில் காணாமல் போகிற ஆறாகத்தான் தெரியும். நீளம் 258 கிலோமீட்டர் என்கிறது கணக்கு. ஆனால் அதன் தண்ணீர் கடலைத் தொடுவது வெள்ளக் காலத்தில் மட்டும். இந்த ஆற்றை நம்பி யார் எங்கே குடியேறினார்கள், ஏன் அங்கே என்று விளங்க வேண்டுமானால் கடைமடையிலிருந்து மேலே ஏற வேண்டும்.

பாக் விரிகுடாக் கரையில் ஆற்றங்கரை என்றே ஓர் ஊர் இருக்கிறது. அதன் பக்கத்தில் அழகன்குளம். அங்கே நடந்த அகழாய்வில் ரோமானியக் காசுகளும் மது வந்த சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. ஆழம் குறைந்த கடல், மரக்கலம் ஒதுங்கக் கழிமுகம், உள்நாட்டுக்குள் போக ஆற்றுத்தடம். ஒரு துறைமுகம் அமைய அன்றைக்கு அது போதும்.

அங்கிருந்து உள்ளே வந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாய். வைகை உண்மையில் முடிகிற இடம் இதுதான். இங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வானத்திடம் கேட்க ஒன்றுமில்லை. கொட்டும்போது பிடித்து வைத்தவன் பிழைத்தான்.

நிலம் கிழக்கே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறைபோல ஒரு கரை போட்டால் கண்மாய். கரைக்குக் கீழே வயல், கரையோர மேட்டில் ஊர், குடிக்க ஊருணி. ஒரு கண்மாய் பெருகி மறுகால் போனால் அதுவே அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. ஆகவே பரமக்குடிக்குக் கிழக்கே ஊர்கள் ஆற்றை ஒட்டி வரிசை கட்டி நிற்பதில்லை. ஆற்றிலிருந்து பல மைல் தள்ளி, கரை போட வாகான சரிவு எங்கே கிடைத்ததோ அங்கே நிற்கின்றன. ஆறு ஓடிய இடத்துக்கு மனிதர் போனார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே மனிதர் இருந்த இடத்துக்கு ஆற்றை இழுத்து வந்தார்கள்.

பழைய மடை ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கண்மாய்க்குள், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கும். நடுவே துளையிட்ட குறுக்குக் கற்கள். அந்தத் துளைகளின் வழியே இறங்கும் மரத்தண்டின் நுனியில் அடைப்பு. தண்டை உயர்த்தினால் தண்ணீர் கரைக்கு அடியில் உள்ள கல்காலில் புகுந்து வயலுக்கு வந்துவிடும். எவ்வளவு உயர்த்துவது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் மடைக்குடும்பன் பொறுப்பு. அவருக்கு ஊர் நெல்லாகக் கூலி அளந்தது. மிகைநீர் வழியும் கலுங்கிலும் ஒரு நுட்பம் உண்டு. அங்கே நட்டிருக்கும் குத்துக்கற்களுக்கு இடையே மண்ணை அடைத்தால் இன்னும் ஓர் அடி தண்ணீர் நிற்கும். ஆனால் மேலே உள்ளவர்களின் நிலம் மூழ்கும், கீழே உள்ளவர்களுக்கு வரத்து நிற்கும். அந்த ஓர் அடிக்காக நடந்த வழக்குகளும் வெட்டுக்குத்துகளும் இந்தச் சீமையின் வரலாற்றில் பாதி.

பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும் சின்னவை ஒன்றியத்துக்கும் போன பிறகு ஊரின் கை விட்டுப்போனது. வரத்துக்கால்களில் சீமைக்கருவேலம் ஏறியது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது இன்று பல குடும்பங்களுக்கு வயலைவிட நம்பகமான வருமானம். மரத்தை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நெல் கைவிட்ட இடத்தில் சோறு போட்டது அந்த மரம்தான். மழைத்தண்ணீரிலேயே விளையும் முண்டு மிளகாயும் அப்படித்தான். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதிலும் காலம் தள்ள முடியாதவர்கள் அன்று பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள், இன்று திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். குடிக்கும் தண்ணீரோ காவிரியிலிருந்து குழாயில் வருகிறது.

பார்த்திபனூர் மதகணையைத் தாண்டி மேற்கே போனால் மானாமதுரை. கண்மாய்களில் படியும் வண்டல் களிமண்ணும் ஆற்று மணலும் சேர்ந்த கலவைதான் இந்த ஊரின் முதல். அந்த மண்ணில் அடுப்பும் பானையும் செய்தவர்கள் கச்சேரி மேடைக்குக் கடமும் செய்து அனுப்பினார்கள். கண்மாய் மராமத்தில் தோண்டிய வண்டல் வயலுக்கு உரமானது, குயவருக்குத் தொழிலானது. தூர் வாருவது நின்றால் நெல்லோடு கடமும் போகும்.

அடுத்தது கீழடி. 2013-14-ல் இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா குழு வைகைக் கரையெங்கும் நடந்து 293 இடங்களில் பழைய குடியிருப்புத் தடயங்களைக் கண்டது. கீழடி அவற்றில் ஒன்று. செங்கல் கட்டுமானமும் உறைகிணறுகளும் அங்கே வெளிப்பட்டன. ஆறு எட்டும் தூரத்தில் இருக்கும்போது எதற்கு உறைகிணறு? ஆறு வற்றும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மேலே மணல் காய்ந்தாலும் அடியில் ஊற்று ஓடும் ஆறு வைகை.

மதுரையில் அதிகம் நிற்கப்போவதில்லை. அதைப் பாட ஆள் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியில் அழகர் ஆற்றில் இறங்க வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது என்பது மட்டும் போதும். நகரம் விரிந்தது ஆற்றின் மீதல்ல, கண்மாய்களின் மீது. மழைக்காலத்தில் எந்தத் தெருவில் இடுப்பளவு நிற்கிறதோ அங்கே பழைய கண்மாயின் உள்வாய் இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள்.

பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிந்து மேலூர்ப் பக்கம் போகிறது. அதற்கு மேலே, ஆண்டிபட்டி அருகே 1959-ல் திறந்த வைகை அணை. பூர்வீகப் பாசனத்துக்கு இங்கிருந்து மூன்று பகுதிகளாகப் பிரித்து விடுகிறார்கள். மூன்றாவது பகுதி ராமநாதபுரம். முறை எழுதி வைத்திருக்கிறது. ஆனால் வறண்ட மணலில் அவ்வளவு தூரம் ஓடிச் சேரும் தண்ணீர் எவ்வளவு என்பதை எந்த முறையும் தீர்மானிப்பதில்லை.

அணைக்கு மேலே போனால் நிறமே மாறுகிறது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்: நெல், வாழை, திராட்சை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறுபக்கமே இறக்கிவிடும் மழைமறைவுப் பள்ளத்தாக்கு இது. ஆனாலும் பச்சை. காரணம், பொறியாளர் பென்னிகுக் கட்டி 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும். மேற்கே அரபிக்கடலுக்குப் போக இருந்த பெரியாற்றுத் தண்ணீர் அதன் வழியே கிழக்கே விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து வைகைக்கு வருகிறது. இந்த எண்ணம் முதலில் பிறந்தது கம்பத்திலோ மதுரையிலோ அல்ல. ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை 1789-லேயே ஆள் அனுப்பி மலையைப் பார்த்து வரச் செய்தார். தண்ணீரின் அருமை தெரிந்தது கடைமடைக்குத்தான். நூறு ஆண்டு கழித்து அது நிறைவேறியபோது வழியில் உள்ளவர்கள் இரண்டு போகம் கண்டார்கள். யோசித்த சீமைக்கு மிச்சம் வந்தது. இதை நினைக்காமல் என்னால் அந்த வயல்களைப் பார்க்க முடியவில்லை.

கடைசியாக மூல வைகை. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று ஏறினால் ஆறு பிறக்கும் மலை வருகிறது. பெரியாற்றுத் தண்ணீர் இந்தக் கிளைக்கு வருவதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் வழியே இறங்கிப் போய்விடுகிறது. கோடையில் மூல வைகை வற்றுகிறது. ஆற்றுக்குப் பெயர் கொடுத்த கிளையின் கரையில், ராமநாதபுரத்தைப் போலவே, பெண்கள் குடங்களோடு குடிதண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள்.