கம்பளம் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

புது வீட்டுக்குக் குடி போனதும் சோபா வரும், டிவி வரும், திரைச்சீலை வரும். கடைசியாக வீட்டில் யாராவது ஒருவர், "ஹாலில் ஒரு கார்ப்பெட் போட்டால் எடுப்பாக இருக்குமே" என்பார். வினை அங்கேதான் ஆரம்பம். சோபாவில் உட்கார்ந்து பார்த்து வாங்கலாம். டிவியைப் போட்டுப் பார்க்கலாம். கம்பளத்தை என்ன செய்து பார்ப்பது? பெரும்பாலானவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், கையால் தடவுகிறார்கள், அப்புறம் கடைக்காரர் சொல்வதை நம்பிவிடுகிறார்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது பின்பக்கத்தை!

கையால் முடிச்சுப் போட்ட கம்பளத்தில், பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே வருவார்கள். காஷ்மீரிலும், உத்தரப்பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் பக்கமும் இதுதான் பல குடும்பங்களின் தொழில். திருப்பிப் பார்த்தால் முன்னால் உள்ள பூ வேலை பின்னாலும் தெளிவாகத் தெரியும். ஓரத்தில் தொங்கும் குஞ்சம் அந்தப் பாவு நூலின் நுனியேதான்; தனியாகத் தைத்ததல்ல.

'டஃப்டட்' என்பது வேறு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் நூலைக் குத்தி ஏற்றி, பின்னால் லேடெக்ஸ் பசை பூசி, அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டிவிடுவார்கள். இதுவும் கைவேலைதான், மட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் சில வருடங்களில் பசை காய்ந்து பொடியாக உதிரும். விலையும் பல மடங்கு குறைவாக இருக்க வேண்டும். இதைக் காட்டி 'ஹேண்ட்மேட் சார்' என்று முடிச்சுக் கம்பளத்தின் விலை சொன்னால், அங்கேதான் ஏமாற்று. மூன்றாவது, இயந்திரத்தில் நெய்தது. அதில் குஞ்சத்தைப் பெரும்பாலும் தனியாகத் தைத்திருப்பார்கள்.

இப்போது கணக்குக்கு வரலாம். ஆறடிக்கு நாலடி கம்பளம் என்றால் 24 சதுர அடி, அதாவது 3,456 சதுர அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 16 முடிச்சு வீதம் நெருக்கமாகப் போட்டிருந்தால், சதுர அங்குலத்துக்கு 256. மொத்தம் 8,84,736 முடிச்சுகள்! ஒருவர் ஒரு நாளில் 8,000 முடிச்சு போடுகிறார் என்று வைத்துக்கொண்டாலும் 110 நாட்கள் ஆகும். அப்படிப்பட்ட கம்பளத்தை ஒரு கடை 20,000 ரூபாய்க்குத் தருகிறது என்றால், ஒரு நாளுக்குச் சுமார் 180 ரூபாய்தான். அதிலேயே நூல், சாயம், லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். நெய்தவர் கையில் என்ன மிஞ்சும்?

ஆக, விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் இரண்டில் ஒன்று. சரக்கு பொய், அல்லது யாரோ ஒருவருடைய கூலி பறிபோயிருக்கிறது. அந்த யாரோ ஒரு குழந்தையாகவும் இருந்த காலம் உண்டு. அதனால்தான் 1994-இல் கைலாஷ் சத்யார்த்தி முதலானவர்களின் முயற்சியில் 'ரக்மார்க்' என்ற முத்திரை வந்தது. குழந்தைத் தொழிலாளர் இல்லாமல் செய்த கம்பளத்துக்கான அடையாளம் அது. 2009 முதல் அதன் பெயர் 'குட்வீவ்'. கடையில் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

'பட்டு' என்று சொன்னால் ஓரத்திலிருந்து ஓர் இழை கேட்டு வாங்கி எரித்துப் பார்க்கலாம். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடை அடிக்கும், சாம்பல் நொறுங்கும். காகிதம் போல எரிந்தால் விஸ்கோஸ் அல்லது பருத்தி. உருகிக் கெட்டியாக உருண்டால் செயற்கை இழை. சாயம் போகுமா என்று பார்க்க ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும்.

இன்னொரு விஷயம். தினமும் ஈரத்துணியால் துடைக்கும் தரை, ஜன்னல் வழியாக வரும் தெருப்புழுதி, வீட்டில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் என்றால், தடித்த கம்பளம் தூசியைச் சேர்த்து வைக்கும் பெட்டிதான். அவர்களுக்குப் பவானி ஜமக்காளம் இருக்கிறது. பருத்தியில் நெய்தது, உதறலாம், வெயிலில் போடலாம். 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜமக்காளம் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட ரகம். ஆனாலும் விசைத்தறிச் சரக்கு அதே கோடுகளோடு சந்தைக்கு வருகிறது. எனவே கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குவது நல்லது.

எதை வாங்கினாலும், பில்லில் 'கார்ப்பெட் - 1' என்று எழுத விடக்கூடாது. கையால் முடிச்சுப் போட்டதா, டஃப்டடா, என்ன நூல், என்ன அளவு என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தின் படி ஏற நேர்ந்தால் கையில் இருக்கும் சாட்சி அதுதான். அப்படி எழுதித் தரக் கடைக்காரர் தயங்கினால், இழையை எரித்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை.