அட்டையைக் கிளாஸ் மேல் வைக்கும்வரை

கொலோன் பேராலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய பீர்க் கூடம். நீள மரப்பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தாமதம், நீலச் சட்டைக்காரர் ஒருவர் நான் வாய் திறக்குமுன்னே ஒரு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். ஒல்லியாக, உயரமாக, 200 மில்லி பிடிக்கிற கிளாஸ். அடியில் ஒரு வட்ட அட்டை. அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். காலியானதும் இன்னொரு கிளாஸ், இன்னொரு கோடு. போதுமென்றால் அட்டையை எடுத்துக் கிளாஸை மூடிவிட வேண்டும் என்று பக்கத்துப் பெரியவர் செய்து காட்டினார். பந்தியில் இலையை மடிப்பது போலத்தான். மூடிவிட்டால் யாரும் வற்புறுத்துவதில்லை. கோடுகளை எண்ணிக் காசு வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்த பீருக்குக் கோல்ஷ் என்று பெயர். கொலோன் வட்டாரத்தில் காய்ச்சினால்தான் அந்தப் பெயர் என்று 1986-இல் ஒப்பந்தமே போட்டிருக்கிறார்கள். நுரை அடங்கிச் சுவை கெடுமுன் குடித்து முடிக்க வேண்டும் என்றுதான் கிளாஸ் இத்தனை சின்னது. பெரியவரின் மனைவி அவரோடு சேர்ந்து குடித்துக்கொண்டிருந்தார். பேத்தி ஆப்பிள் ஜூஸோடு உட்கார்ந்து ஒரு அட்டையின் பின்பக்கத்தில் படம் வரைந்தாள். வெகுநேரம் அந்தக் குடும்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வடசென்னை ராயபுரத்துக்காரன். எங்கள் பக்கம் ஷிப்ட் முடித்து வருகிறவர் குடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரம். குவார்ட்டரைப் பிளாஸ்டிக் டம்ளரில் கவிழ்த்து, தண்ணீர் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துப் பீய்ச்சி, ஒரே மூச்சில் உள்ளே தள்ளி, ஊறுகாயை நாக்கில் தடவிக்கொண்டு நடையைக் கட்டுவார். காசு பத்தாவிட்டால் இன்னொருவரோடு கட்டிங். பீர் வாங்குகிறவரும் "ஸ்ட்ராங் இருக்கா, கூலிங் இருக்கா" என்றுதான் கேட்பார். பக்கத்தில் பார் இருந்தாலும் மனைவி பிள்ளைகளோடு போய் உட்காரும் இடமல்ல அது. 1937-இல் சேலத்தில் தொடங்கி, 1948-இல் மாகாணம் முழுக்கப் பரவி, 1971 வரை நீடித்த மதுவிலக்கு நம் ஆட்களுக்கு ஒளிந்து குடிக்கக் கற்றுக்கொடுத்தது. கடைகள் திறந்தும் அந்த அவசரம் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

கொலோனை விட்டு மியூனிக் போனால், அங்கே பீர்த் தோட்டங்கள். வெயில் காலத்தில் காய்ச்சினால் கெட்டுப்போகிறது என்று பவேரியாவில் 1553-லேயே கோடையில் பீர் காய்ச்சத் தடை. அதனால் முன்கூட்டியே காய்ச்சி நிலவறைகளில் இறக்கி, குளிர்ச்சிக்காக மேலே செஸ்ட்நட் மரம் வளர்த்தார்கள். நிழலைத் தேடி ஜனம் வந்தது. தங்கள் வியாபாரம் போகிறதென்று விடுதிக்காரர்கள் முறையிட, நிலவறைகளில் பீர் விற்கலாம், ரொட்டியைத் தவிர வேறு சாப்பாடு விற்கக் கூடாது என்று 1812-இல் மன்னர் மாக்சிமிலியன் உத்தரவு போட்டார். அன்று கட்டுச்சோறு சுமந்துபோன பழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. என் எதிர்மேசையில் ஒரு அம்மா விரிப்பை விரித்து, வெள்ளை முள்ளங்கியை அறுபடாத சுருளாக நறுக்கி உப்புத் தூவி, கேட்காமலே எனக்கும் நீட்டினார்.

அதே ஊரின் அக்டோபர் திருவிழாவில், லிட்டர் குவளையாகக் குடித்துப் புல்மேட்டில் சரிந்து கிடந்தவர்களையும் பார்த்தேன். குடி எந்த ஊரிலும் ஆளைச் சாய்க்கத்தான் செய்யும்.

அதை நன்றாகப் புரிந்துவைத்திருப்பது ஸ்வீடன். ஸ்டாக்ஹோமில் 3.5 சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ள பீரை வீட்டுக்கு வாங்கிப்போக வேண்டுமானால் பெரும்பாலும் சிஸ்டம்போலாகெட் என்ற அரசுக் கடைக்குத்தான் போக வேண்டும். அதிகம் வாங்கினாலும் தள்ளுபடி கிடையாது. 20 வயது ஆகாதவருக்கு விற்பதில்லை. சனிக்கிழமை பிற்பகலே கதவைச் சாத்துகிறார்கள், ஞாயிறு திறப்பதே இல்லை. லாபத்துக்காக விற்பனையைப் பெருக்கக் கூடாது என்பது அந்த நிறுவனத்துக்கு விதி. தமிழ்நாட்டிலும் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் வழியாக அரசின் கையில்தான் இருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி எத்தனை கோடிக்கு விற்றது என்பது நமக்குச் செய்தி. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாரக் கூலி கைக்கு வருகிற சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுப் பெண்களுக்கு வயிறு கலங்கும். அந்த ஒரு சாயங்காலமாவது எங்கள் வடசென்னைக் கடைகளும் பூட்டியிருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.