பிழை சொல்லும் பொறியும் சொல்லாத பொறியும்

புக்கிட் ரோத்தானுக்கு அப்பால், ஒரு காலத்தில் பால் மரங்கள் நிரை நிரையாக நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அதன் ஓரத்து வீடொன்றில் இரவு பதினொரு மணிக்கு மேலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணிப்பொறிப் பொறியியலில் இறுதியாண்டு பயிலும் பெண்ணொருத்தி மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தாள். கூடத்துச் சாய்வு நாற்காலியில் அவளுடைய தாத்தா இருந்தார். பால்வெட்டுக் காலத்தில் மண்டோராக இருந்தவர். திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் திடுமென நின்றன. கடைசி வரியில் இருந்தது 'கில்ட்' என்னும் ஒரே சொல். கொல்லப்பட்டது என்று அவள் பொருள் சொன்னாள்.

"யாரும்மா, யாரைக் கொன்னது?" என்றார் தாத்தா.

அன்றிரவு அந்தக் கேள்விக்கு அவளிடம் விடையில்லை. ஆயினும், கேட்கத்தக்க கேள்வி அதுவே ஆகும்.

அவள் இயக்க முயன்றது ஜெம்5 என்னும் பாவனை நிரல். ஆங்கிலத்தில் சிமுலேட்டர் என்பர். சிலிக்கன் சில்லில் ஒருமுறை பொறித்த செயலியை அழித்து எழுத இயலாது. பொறிப்பதற்கு ஆகும் செலவோ பெரிது. ஆகவே, இன்னும் பிறவாத ஒரு செயலியை, இருக்கின்ற கணிப்பொறிக்குள் நிரலாகவே கட்டி, அது எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜெம்ஸ் ஆகிய இரண்டும் இணைந்து உருவான இந்நிரலை 2011-ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரையொன்று உலகுக்கு அறிமுகம் செய்தது. இதற்கு விலையில்லை, வேண்டுவோர் எவரும் இறக்கிக்கொள்ளலாம். கம்போங் குவாந்தானில் படகேறி, சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னி ஒருசேர அணைவதைக் கண்டவர்களுக்கு, செயலியின் உறுப்புகள் ஒரே கடிகாரத் துடிப்புக்கு இசைந்து அசைவதை விளக்கிச் சொல்வது எளிது. அந்த அசைவுகளுக்கு ஜெம்5 வைத்திருக்கும் அளவுகோலில் மிகச் சிறிய கூறு, நொடியை இலட்சம் கோடி பங்காக்கினால் வரும் ஒரு பங்கு.

கொன்றது யார் என்பது மறுநாள் விளங்கிற்று. இந்நிரல் ஆயத்த நிலையில் வருவதன்று. மூல வரிகளிலிருந்து தொகுத்துக்கொள்ள வேண்டும். விரைவாக முடியட்டும் என்று அவள் எட்டுப் பணிகளை ஒருங்கே ஏவியிருந்தாள். மடிக்கணினியின் நினைவகமோ 8 ஜிகாபைட்டுதான். எட்டுப் பணிகளும் போட்டியிட்டு நினைவகத்தை உண்ணவே, இயங்குதளம் தன்னைக் காத்துக்கொள்ள அவற்றுள் ஒன்றைக் கொன்றுவிட்டது. பணிகளை இரண்டாகக் குறைத்தாள். வேலை நீண்டது; விடியற்காலையில் முடிந்தது. இந்த முதற்படியிலேயே, இது நமக்கு வராத படிப்பு என்று ஒதுங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுடைய கணிப்பொறியில் நினைவகம் குறைவு, அவ்வளவே.

அடுத்த தடை வேறு வகை. சோதனை நிரலை ஓட்டியதும் 'ஃபேட்டல்' என்று சொல்லி நின்றது. இங்கே ஜெம்5 ஆக்கியோர் கடைப்பிடிக்கும் ஒரு நெறியைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் பிழைச் செய்தியை இரண்டாகப் பிரித்துள்ளனர். பயன்படுத்துவோர் தவறான அமைப்பையோ பொருந்தாத கோப்பையோ தந்தால் வருவது 'ஃபேட்டல்'. பயன்படுத்துவோர் என்ன செய்திருந்தாலும் நிகழவே கூடாத ஒன்று நிகழ்ந்துவிட்டால் வருவது 'பேனிக்'. அப்போது குற்றம் நிரலை எழுதியவர்களுடையது. தன் குற்றத்தையும் பிறர் குற்றத்தையும் இவ்வாறு முன்னரே பிரித்துவைத்துப் பேசும் நேர்மை மனிதரிடத்தே அரிது. மாணவன் தவறாக விடையெழுதினால், தவறு மாணவனிடமா வினாவிலா என்று பார்க்குமாறு ஆசிரியப் பயிற்சியில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். வகுப்பறைக்குள் வந்தபின் எத்தனை பேர் பார்க்கிறோம்?

அவளுக்கு வந்தது 'ஃபேட்டல்'. ஆயினும் அவள் நெடுநேரம் கடைசி வரிகளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். நின்றுபோன நிரலின் கடைசி வரிகள் பெரும்பாலும் ஒப்பாரிதான். காரணம் முதலில் தோன்றிய பிழை வரியில் இருக்கும். மேலே ஏறிச் சென்று பார்த்தபோது, இல்லாத கோப்பொன்றைத் தேடிக் காணாமல் நின்றது தெரிந்தது. சோதனை நிரல், தனக்கு வேண்டிய நூலகப் பகுதிகளை ஓடும்போது வெளியிலிருந்து பெற்றுக்கொள்வதாகத் தொகுக்கப்பட்டிருந்தது. பாவனைச் செயலிக்குரிய அந்த நூலகம் அவளுடைய கணினியில் ஏது? எல்லாவற்றையும் தன்னுள்ளேயே அடக்கிக்கொண்டதாக மீண்டும் தொகுத்தாள், ஓடிற்று.

ஓடியதுதான் வினையாயிற்று.

அவளுடைய ஆய்வு, செயலியின் அருகிலேயே வைக்கப்படும் கேஷ் என்னும் சிறு நினைவகத்தைப் பற்றியது. அதன் அளவைப் பெருக்கினால் நிரல் எவ்வளவு விரையும் என்று காண வேண்டும். 16 கிலோபைட்டில் ஓட்டினாள். பின்னர் 64-இல் ஓட்டினாள். இரு முறையும் பிழையேதும் இல்லை. ஆகிய நேரமோ கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தது. கேஷின் அளவு இந்நிரலின் வேகத்தைப் பாதிக்கவில்லை என்று ஓர் இயலே எழுதி அனுப்பினாள். மேற்பார்வையாளரும் நன்று என்று குறித்துத் திருப்பிவிட்டார். ஒப்படைக்க ஒன்பது நாள்களே எஞ்சியிருந்தன.

அவளை உறுத்தியது ஒரே ஒரு வரி. வேண்டிய தரவு கேஷில் இல்லாமல் திரும்பிய தடவைகளின் எண்ணிக்கை, அளவைப் பெருக்கியபோது குறைந்திருந்தது. தவறுகள் குறைந்தும் நேரம் குறையவில்லை என்றால் எப்படி? இதைத் தாத்தாவிடம் தோட்டத்து மொழியில் ஒருவாறு எடுத்துச் சொன்னாள். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

"பாலு கூடி, உலர்ந்த ரப்பரு கூடலேன்னா என்னம்மா அர்த்தம்? தண்ணி கலந்திருக்கு."

அந்நாளில் ஸ்டோரில் பாலை நிறுக்கும்போது மெட்ரோலாக் என்னும் மிதவைக் குழாயைப் பாலில் விட்டு, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கும் என்று மதிப்பிடுவார்கள். ஆனால் அம்மதிப்பே முடிவன்று. மாதிரி எடுத்து, உறையவைத்து, உலர்த்தி நிறுத்துப் பார்த்த எடையே உண்மை. குழாய் பொய் சொல்லுமா என்றால், சொல்லும். பாலின் சூடு மாறினாலே அதன் கணக்கு மாறும். அதனால் குழாயை எவரும் எறிந்துவிடவில்லை; உலர்ந்த எடையோடு ஒப்பிட்டுக்கொண்டே பயன்படுத்தினார்கள்.

ஒவ்வோர் ஓட்டத்தின்போதும் ஜெம்5, தான் கட்டிய செயலியின் முழு அமைப்பையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கிறது. அதை அவள் அதுவரை திறந்ததில்லை. திறந்தாள். செயலியின் வகை 'அட்டாமிக்' என்றிருந்தது. நினைவகத்திடம் கேட்டது கேட்ட கணமே கிடைத்துவிடும் என்று வைத்துக்கொண்டு ஓடும் மிக எளிய செயலி அது. கேஷில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் காத்திருப்பு என்பதே கிடையாது. எண்ணிக்கை மாறும், நேரம் மாறாது. அவள் பயன்படுத்திய பழைய மாதிரி அமைப்புக் கோப்பு, வகையைக் குறிப்பிடாவிட்டால் இதையே தேர்ந்துகொள்ளும். அவள் குறிப்பிடவில்லை. நிரல் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கே விடை சொல்லியிருந்தது.

இத்தகைய மௌனப் பிழை மாணவர்க்கு மட்டும் உரியதன்று. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராஜகோபாலன் தேசிகன், டக் பர்கர், ஸ்டீஃபன் கெக்லர் ஆகிய மூவரும் 2001-இல் ஒரு சோதனை செய்து வெளியிட்டனர். ஆல்ஃபா 21264 செயலி பொருத்திய உண்மையான கணினியொன்றையும் அதன் பாவனையையும் அருகருகே வைத்து, 21 சிறு சோதனை நிரல்களால் ஒப்பிட்டுத் திருத்தினர். அச்சிறு நிரல்களில் பிழை சராசரி 2 விழுக்காட்டிற்கு இறங்கியது. பெரிய நிரல்களிலோ, 40 விழுக்காடாக இருந்த சராசரிப் பிழை 20-க்குக் கீழேதான் வந்தது. சரிபார்க்காத பாவனையை நம்பினால் சில இடங்களில் ஆய்வின் முடிவே மாறிவிடும் என்றும் காட்டினர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சக்தி என்னும் செயலியை வடிவமைத்தவர்களும் இந்த ஒப்பீட்டை விடவில்லை. தங்கள் வடிவமைப்பு நிறைவேற்றிய கட்டளைகளை, ஸ்பைக் என்னும் பாவனை நிரல் நிறைவேற்றியவற்றோடு வரிக்கு வரி ஒட்டிப் பார்த்தார்கள்.

அவள் முதலில் சிறிய நிரலை எடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டினாள். நேரம் அசைந்தது. பிறகு விரிவான செயலிக்கு மாறினாள். விரிவான பாவனைக்குப் பொறுமை வேண்டும். உண்மைச் செயலி நொடிக்கு 300 கோடிக் கட்டளைகளை முடிப்பதாகவும், பாவனை நொடிக்கு இரண்டு இலட்சத்தையே முடிப்பதாகவும் கொண்டால், ஒரு நொடி வேலைக்கு 15,000 நொடிகள், அதாவது நான்கு மணி நேரத்திற்கும் மேல் ஆகும். அவளுக்கு வேண்டிய ஓட்டங்களோ பன்னிரண்டு.

மறுநாள் காலை மேற்பார்வையாளருக்கு மடல் எழுதினாள். தாம் ஒப்புக்கொண்ட இயல் தவறானது என்று ஒப்புக்கொண்டவரிடமே சொல்வது எளிதன்று. சொல்லாமல் இருந்திருந்தால் எவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார், மதிப்பெண்ணும் வந்திருக்கும். மூன்று முறை எழுதி அழித்து, நான்காம் முறை இரண்டே வரிகளில் அனுப்பினாள்.

மடிக்கணினி மூன்று இரவும் இரண்டு பகலும் ஓடியது. மின்விசையின் மேல் 'அணைக்க வேண்டாம்' என்று தாள் ஒட்டினாள். நண்பகல் வெயிலில் பொறி சூடேறியபோது, தாத்தா தம் பக்கம் இருந்த மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்துவிட்டுத் துண்டால் விசிறிக்கொண்டார்.

முடிவுகள் வந்தன. நேரம் குறைந்திருந்தது, அவள் எதிர்பார்த்த அளவுக்கு அன்று.

"தண்ணி இல்லையே?" என்று கேட்டார்.

"தெரியல தாத்தா. இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கணும்" என்று சொல்லி, அமைப்புக் கோப்பை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.