வெள்ளச்சிக்கு லீவு

எங்கள் அமுச்சியின் தோட்டத்தில் சும்மா இருக்க எந்த உயிருக்கும் உரிமை கிடையாது. எருமை கறக்க வேண்டும், நாய் குலைக்க வேண்டும், பூனை எலி பிடிக்க வேண்டும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி கட்டுத்தாரையில் சாணி எடுக்க வேண்டும். அப்புச்சி மட்டும் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து வெற்றிலை மெல்லலாம்; அதுவும் பி.ஏ.பி. வாய்க்காலில் தண்ணி முறை வராத நாட்களில்தான். அப்படிப்பட்ட ஊட்டில் ஒரு கோழி முட்டையும் வைக்காமல், குழம்புக்கும் போகாமல் வருசக்கணக்கில் தின்றுகொண்டு திரிந்தது என்றால் எங்கள் சொந்தக்காரர்களே இன்றைக்கும் நம்புவதில்லை. நீங்களாவது கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அப்பாவும் அம்மாவும் கோயமுத்தூரில் மில் ஷிப்டுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். என்னைச் சுல்தான்பேட்டைப் பக்கம் அப்புச்சி ஊட்டில் விட்டிருந்தார்கள். வாசலில் நின்றால் செஞ்சேரிமலை தெரியும். காலையில் கண் விழிக்கும்போதே சோளத்தட்டுப் போரின் காய்ந்த வாசமும், எருமை மூத்திர நெடியும், அமுச்சி அடுப்பில் வைத்த கருப்பட்டிக் காப்பியின் புகைவாசமும் ஒன்றாகக் கலந்து வரும், அதற்குள்ளேயே கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ மோட்டார் போட்ட சத்தம், வாய்மடையில் தண்ணி விழுகிற சத்தம், இத்தனைக்கும் மேலே அமுச்சியின் குரல்: "அம்முணி, இன்னம் பொழுது விடியலியா உனக்கு?"

அந்த நாட்களில் மாசத்துக்கொரு தடவை டி.வி.எஸ். 50 வண்டியில் ஒரு கோழிக்காரர் வருவார். பின்னால் இரண்டு பக்கமும் கம்பிக்கூண்டு, கூண்டு நிறைய வெள்ளைக் கோழிகள். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஒரு வருசத்துக்குக் குறையாமல் முட்டை வைத்துவிட்டு, இனிமேல் தீனிச் செலவுக்குக் கட்டாது என்று கழித்துவிட்ட கோழிகள் அவை. விலை சல்லிசு. ஆனால் கறி வேக வைப்பதற்குள் ஒரு கட்டு விறகு போய்விடும். ஒறம்பரை வருகிறார்கள் என்று அமுச்சி ஒன்றை வாங்கிக் கொடாப்பில் கவிழ்த்து வைத்தாள். சொல்லிவிட்ட ஒறம்பரை வரவில்லை. மறுநாள் கொடாப்பைத் தூக்கினால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை. அடுத்த நாளும் ஒன்று. அமுச்சி முட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாட்டுக்கோழி வருசத்துக்கு ஐம்பது அறுபது வைத்தால் பெரிசு. இது நாள் தவறாமல் வைக்கிறது. "இருக்கட்டும், வைக்கிற மட்டும் வைக்கட்டும்" என்றாள். இப்படித்தான் வெள்ளச்சிக்கு ஆயுள் கெட்டியானது.

பெயர் நான் வைத்தது. லெகார்ன் சாதி, இத்தாலிப் பூர்வீகம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம் அதன் சிவப்புக் கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு கண்ணை மறைக்கும் என்பதும், யாரோ மூக்கின் நுனியை வெட்டிவிட்டிருக்கிறார்கள் என்பதும்தான். பண்ணையில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சிலேயே அப்படிச் சுட்டு வெட்டிவிடுவார்களாம். கழுத்தடியில் கம்பி உரசி இறகே இல்லை. மண்ணில் இறக்கிவிட்டால் விட்ட இடத்திலேயே நின்றது. கிளறத் தெரியவில்லை. புழுவைக் கண்டால் ஒதுங்கியது. பொழுதோட நாட்டுக்கோழிகளெல்லாம் கேறிக்கொண்டு வேப்பமரத்துக்கு ஏறும்போது இது மட்டும் வாசல் நடுவில் நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான்தான் தூக்கிக்கொண்டுபோய்க் கொடாப்பில் அடைக்க வேண்டும். கையில் எடுத்தால் எடை ஒன்றும் இருக்காது. நெஞ்செலும்பு உள்ளங்கையில் குத்தும். இறகுக்குள் முகத்தை வைத்தால் தவிடும் புழுதியுமாக ஒரு கதகதப்பான வாசம்.

முட்டை வைக்கிற விதமும் விநோதம். நாட்டுக்கோழி என்றால் தட்டுப்போருக்குள் ஒளிந்து, குழி பறித்து, வைத்து முடித்து ஊரைக் கூட்டும். வெள்ளச்சி நடந்துகொண்டிருக்கும்போதே நின்று, வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். சரிவான கம்பித்தரையில் முட்டை போட்டுப் போட்டு, போட்டது உருண்டு போய்விடும் என்றே பழகியிருந்தது. அடைக்கும் உட்காராது. அந்தக் குணத்தையே அந்தச் சாதியிலிருந்து கழித்துவிட்டிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே சுற்றுவேன். முந்தாநாள் மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் வைத்தது நேற்று சங்கு ஊதியபின் வைத்தது, இன்று இன்னும் தாமதம் என்று எனக்கு ஒரே கவலை. எங்கள் பள்ளிக்கூடச் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை கொடுத்தார்கள், 1989-இல் தொடங்கிய ஏற்பாடு. அந்த முட்டை வெள்ளச்சியின் பழைய கூண்டுக்காரி எவளோ வைத்ததாக இருக்கும் என்று முடிவு செய்து, ரொம்ப மரியாதையாகத் தின்பேன்.

சித்திரை வெயில் ஏறியபோது முதல் தோல்முட்டை வந்தது. ஓடே இல்லை. தொட்டால் ஈரமாக, மெத்தென்று, அழுத்தின பக்கம் குழிந்தது. பிறகு ஓடு இருந்தும் விரல் பட்டதும் நொறுங்குகிறவை. பிறகு மறுபடி தோல்முட்டை. நாட்டுக்கோழிகள் ஓடிவந்து கொத்திக் குடித்துவிடும். அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வந்து பார்த்துக் கண் பட்டுவிட்டது என்றார்கள். அமுச்சி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி ஏறித் தும்மியதெல்லாம் நாங்கள்தான்.

அப்புறம் ஒரு நாள் பொழுதோட வந்து பார்த்தால் வெள்ளச்சி தட்டுப்போர் ஓரத்தில் இறக்கையைத் தொங்கப் போட்டு, கண்ணை அரைவாசி மூடி, நெட்டுக்குத்தலாக நிற்கிறது. வால் மேலும் கீழும் அசைகிறது. முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. அமுச்சி தூக்கி மடியில் வைத்து, வால் எலும்புக்குக் கீழே விரலால் தொட்டுப் பார்த்தாள். காலையில் எந்தக் கோழி இன்றைக்கு வைக்கும் என்று தொட்டே சொல்லிவிடுகிற விரல் அது.

"முட்டை கட்டிக்கிச்சு. அம்முணி, அந்த வெளக்கெண்ணெக் கிண்ணத்த எடுத்தா."

"செத்துப்போயிருமா அமுச்சி?"

"வாயக் கழுவு. போயி வெந்நி வெய்யி."

குண்டாவில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, ஒரு கை உப்புப் போட்டு, வெள்ளச்சியை வயிறு முங்க உட்கார வைத்தோம். முதலில் இறக்கையை அடித்து என் பாவாடையெல்லாம் நனைத்தது. பிறகு சூடு பிடித்துப்போய் அப்படியே கண்ணை மூடிக்கொண்டது. லாந்தர் வெளிச்சம், ஈர இறகின் வாசம், எண்ணெய் வாசம். ஆறிய தண்ணியை மொண்டு கொட்டிச் சுடுதண்ணி சேர்ப்பது என் வேலை. அப்புச்சி கட்டிலிலிருந்தே, "ஏம்புள்ள, கோழிக்குத் தண்ணி வாக்கற, எனக்கு எப்பச் சோறு?" என்றார். அமுச்சி காதில் வாங்கவில்லை. துடைத்து, பின்பக்கம் எண்ணெய் தடவி, பழைய வேட்டியில் சுற்றி, இருட்டான கூடையில் வைத்தாள். அமுக்கி எடுத்துவிடலாமே என்று நான் கையை நீட்டியதற்கு ஓங்கி ஒரு அடி விழுந்தது. முட்டை உள்ளே உடைந்தால் கோழி பிழைக்காது என்றாள். விடியக்காலம் கூடையில் ஒரு கோணல் முட்டை கிடந்தது. பக்கத்தில் வெள்ளச்சி பசியோடு என் விரலைக் கொத்தியது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் நாமக்கல் வெட்னரி காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். 1985-இல்தான் அங்கே காலேஜ் வந்தது. அதில் எங்கள் சுற்றுவட்டத்துப் பையன் ஒருவன் படிப்பதே பெருமை. லீவுக்கு வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் வெள்ளச்சியைத் தலைகீழாக்கிப் பார்த்துவிட்டு, வாசல் மண்ணில் குச்சியால் படம் போட்டே விளக்கினார். ஒரு முட்டை உருவாகக் கிட்டத்தட்ட 25 மணி நேரம் ஆகும், அதனால்தான் ஒவ்வொரு நாளும் நேரம் தள்ளிப்போகிறது என்றார். அதில் இருபது மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடுகிறது. ஒரு ஓட்டுக்கு 2 கிராம் சுண்ணாம்புச் சத்து. கோழியின் எலும்பு முழுக்கச் சேர்த்தாலே 20 கிராம்தான். ஓடு பெரும்பாலும் ராத்திரியில் கட்டுவதால், அந்த நேரம் இரைப்பையில் சுண்ணாம்பு இல்லையென்றால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வெயிலில் வாய் திறந்து இரைக்கிற கோழிக்கு ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து ஓடு இன்னும் மெலிசாகும்.

"அப்ப இது எலும்பக் கரைச்சா முட்டை வெக்குது?" என்றார் அப்புச்சி, வெற்றிலைப் பெட்டியைத் திறந்தபடி. "இந்தா, இந்தச் சுண்ணாம்பக் குடு."

"ஐயோ, அது வேண்டாமுங்க, வாய் வெந்துபோயிருமுங்க. கிளிஞ்சல் தூள் குடுக்கோணும். இல்லாட்டி உங்க காட்டுச் சுக்காங்கல்லயே நொறுக்கிப் போடுங்க. பொழுதோட, அடையறதுக்கு முன்னால."

அப்புச்சிக்கு இது பெரிய ஆச்சரியம். கிணறு வெட்டினபோது வந்த அந்த வெள்ளைக் கல்லை, வெள்ளாமைக்கு ஆகாதது என்று ஆயுசு பூராவும் திட்டியவர் அவர். மதுக்கரையில் வெட்டிச் சிமெண்ட் ஆக்குகிற அதே சுண்ணாம்புதான் இங்கே நம் காலடியிலும் கிடக்கிறது என்றதும், எழுந்துபோய் ஒரு கூடை அள்ளிவந்து, உலக்கையை வாங்கித் தானே நொறுக்கினார். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதே வேலை: சுக்காங்கல்லைச் சல்லடையில் சலித்து, கம்பு மணி அளவில் பொறுக்கி, கொட்டாங்குச்சியில் வைப்பது. அமுச்சி முட்டை ஓடுகளையும் வறுத்துப் பொடித்துக் கலந்தாள். பச்சையாகப் போட்டால் ருசி கண்டு தன் முட்டையையே குடிக்கப் பழகிவிடுமாம். வெள்ளச்சி முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு சோளத்தை ஒதுக்கிவிட்டுக் கல்லைத் தேடித் தின்ன ஆரம்பித்தது.

கிளம்பும்போதுதான் அண்ணன் சொல்ல முடியாமல் ஒன்று சொன்னார். கல் மட்டும் போதாது, இதற்கு ஓய்வு வேண்டும். பண்ணையில் பல்பைப் போட்டு 16 மணி நேரம் பகலாக்கி வைப்பதே முட்டைக்காகத்தான். நீங்கள் நேரத்தோடு இருட்டில் அடைத்தால் வைப்பது நின்றுவிடும், இறகு கொட்டும், உடம்பு தேறும். "கொஞ்ச நாளைக்கு முட்டையே வேண்டாம்னு உடோணுமுங்க, ஆத்தா."

நான் அமுச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டை வைக்க மாட்டாத கோழிக்குத் தீனியும் போட்டு, மெனக்கெட்டு வைக்காமல் வேறு பார்த்துக்கொள்ள வேண்டும்! அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "எருமைகூட வருசத்துல நாலு மாசம் வத்திக் கெடக்குது" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான் உத்தரவு.

பொழுது இறங்கும் முன்பே கொடாப்பில் அடைத்துச் சாக்குப் போட்டு மூடினேன். முட்டை குறைந்தது, நின்றது. ஐப்பசி மழை வந்தபோது இறகு கொட்ட ஆரம்பித்தது பாருங்கள், வாசல் பூராவும் பருத்திக்காடு வெடித்ததுபோல வெள்ளை. வெள்ளச்சி மொட்டையாக, முள்முள்ளாக, பார்க்கச் சகிக்காமல் திரிந்தது. அப்புச்சி அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். கழுத்தடியில்கூடப் புதிசாக இறகு முளைத்தபின், அது ஒரு நாள் முருங்கைமரத்தடியில் ஒற்றைக் காலால் மண்ணைக் கிளறியது. நான் கத்திக்கொண்டு ஓடி எல்லாரையும் கூட்டிவந்தேன். எருமை கறந்துகொண்டிருந்த அமுச்சி பாலோடு எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்று திட்டினாள்.

மறுபடி முட்டை வைத்தது. எப்போதாவது, இஷ்டப்பட்டபோது, கெட்டி ஓட்டோடு. பிறகு அதுவும் நின்றது. அமுச்சி அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. யாராவது கேட்டால், "அம்முணி கோழிங்க அது" என்று என் தலையில் கட்டிவிடுவாள். ஆனால் நான் ஊரில் இல்லாத நாட்களில் சுக்காங்கல் சலித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கோழிக்காரர் நோம்பிக்கு முன்னால் மறுபடி வந்தார். கட்டுத்தாரை ஓரம் கொழுத்துப்போய் நின்றதைப் பார்த்து, "இதென்னுங்க, நாங் குடுத்ததா? இன்னுமா வெச்சிருக்கறீங்க?" என்றார். அமுச்சி அதற்குப் பதில் சொல்லாமல் கூண்டுக்குள் கையை விட்டு, நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்து, பேரம் பேசிக் குழம்புக்கு இரண்டு எடுத்தாள். அன்றைக்கு மிளகு தூக்கலாகப் போட்ட குழம்பு. நானும் வட்டலை வழித்துத்தான் தின்றேன். நாய்க்கு எலும்பு கொண்டுபோகும்போது மட்டும், வெள்ளச்சி நின்ற பக்கம் போகாமல், கிணத்துமேட்டைச் சுற்றிக்கொண்டு போனேன்.