லட்சுமி வந்த வயல்

போன வாரம் தம்பி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நெற்கதிரில் நான்கைந்து மணிகள் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் பச்சையுமாக உருண்டைகள். "பெரியப்பா, இது என்ன?" என்று கேட்டிருந்தான்.

பார்த்ததும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

1960-களில் நான் பள்ளிக்கூடத்துப் பையன். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், குடமுருட்டிப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்பது மா நிலம். ஒரு மார்கழிக் காலையில் அப்பாவோடு வரப்பில் போகும்போது இப்படி ஒரு உருண்டையைக் கிள்ளிவிட்டேன். விரல் முழுக்க மஞ்சள் பொடி. "கிள்ளாதேடா! லட்சுமி வந்திருக்கா. இந்த வருஷம் கண்டுமுதல் நல்லா இருக்கும்" என்றார் அப்பா. அவர் சொன்னபடியே நல்ல விளைச்சல்தான்.

இதற்கு ஊர்ப்பக்கம் லட்சுமி நோய் என்று பெயர். புத்தகத்தில் நெற்பழ நோய். இது ஒரு பூஞ்சாணம். இன்னொரு விஷயம் கேளுங்கள். 1878-ல் குக் என்ற ஆங்கிலேயர் இந்தப் பூஞ்சாணத்தை முதன்முதலாக உலகுக்கு விவரித்து எழுதினார். அவருக்குக் கிடைத்த மாதிரி நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனது!

பெரியவர்கள் சும்மா அந்தப் பெயர் வைக்கவில்லை. பயிர் செழித்து, பூக்கும் நேரத்தில் மழையும் மூட்டமும் இருந்தால்தான் இது வரும். ஆகவே நல்ல விளைச்சலும் இதுவும் சேர்ந்தே வந்தன. வயலுக்கு நாலு உருண்டை என்றால் யாருக்கு நஷ்டம்?

பிறகு காலம் மாறியது. ஆடுதுறை 27 வந்தது, யூரியா வந்தது. நான் வேலை கிடைத்து வெளியூர் போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும். அப்பா சம்பாவுக்கு சி.ஆர். 1009 போட்டிருந்தார். பயிர் கருகருவென்று நின்றது. போதாதென்று தொண்டைக் கதிர் வரும் நேரத்தில் இன்னும் ஒரு மூட்டை யூரியா. பூக்கிற நேரத்தில் விடாத மழை. பொங்கலுக்கு நான் வந்து பார்த்தால் குத்துக்குக் குத்து லட்சுமி.

"இது நோய்ப்பா" என்றேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

களத்தில் அடித்தபோது கரும்பச்சைப் பொடி பறந்து ஆட்கள் இருமினார்கள். தூற்றினால் கருக்காய் மலையாகக் குவிந்தது. உருண்டையான மணிகள் மட்டும் போவதில்லை, அதே கதிரில் பக்கத்து மணிகளும் பால் பிடிக்காமல் பதராகிவிடும். அறுபது மூட்டை காணும் நிலத்தில் நாற்பதுதான் தேறியது. நிறம் போன நெல் என்று வியாபாரி விலையையும் குறைத்தார்.

கையில் காசில்லாததால் அப்பா அதே நெல்லில் விதை எடுத்து வைத்தார். தப்பு என்று எனக்குத் தெரியும். மறுபடி அவர் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வருடமும் அதே கதை. விதையோடு வந்ததா, போன வருடம் உதிர்ந்து மண்ணில் கிடந்ததா, அதைச் சொல்ல முடியாது. ஆனால் நான் சும்மா இருந்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

மூன்றாம் வருடம் அப்பாவே வேளாண்மை அலுவலரிடம் போய்க் கேட்டு வந்தார். அன்று அவர் செய்தவைதான் இன்றும் வழி. உப்புத் தண்ணீரில் புது முட்டை மிதந்து, நாலணா அளவு வெளியே தெரிகிற பதத்தில் விதையைக் கொட்டி, மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். கோடையில் உழவு ஓட்ட வேண்டும். வரப்புப் புல்லைச் செதுக்க வேண்டும். யூரியாவைக் குறைத்து, பிரித்துப் போட வேண்டும். இப்போது அதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. மருந்து என்றால் ஏக்கருக்கு புரோபிகோனசோல் 200 மில்லி அல்லது காப்பர் ஹைட்ராக்சைடு 500 கிராம். கண்ணாடி இலைப் பருவத்தில் ஒரு முறை, பாதிக் கதிர் பூத்ததும் ஒரு முறை.

அந்த வருடம் வயல் சுத்தமாக இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து அப்பா சொன்னார்: "லட்சுமிதான்டா. நாமதான் விருந்து ஜாஸ்தியா வச்சுட்டோம்."

அவருக்கும் தெரியாத ஒன்று பின்னாளில் தெரிந்தது. 1990-களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் இந்த உருண்டைகளிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். உஸ்டிலாக்சின் என்று பெயர். உயிரணு பிரிவதையே தடுத்துவிடும். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டனவாம். அதைப் படித்த அன்று, தூற்றிய கருக்காயை அம்மா முறத்தில் அள்ளிக் கோழிகளுக்கு வீசியது கண்முன் வந்தது.

இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. தம்பி மகனுக்கு உடனே போன் போட்டேன். "உருண்டை தெரிந்த பிறகு மருந்து அடித்தால் காசுதான் வீண். காலையில் பனி காய்வதற்குள் அந்தக் கதிர்களை மெதுவாக அறுத்து, பையில் போட்டு வெளியே கொண்டுபோய் எரித்துவிடு. அடிக்கும்போது மூக்கில் துணி கட்டச் சொல். கருக்காயை மாட்டுக்கும் கோழிக்கும் போடாதே. இதில் விதை எடுக்கவே எடுக்காதே."

"பயிர் அவ்வளவு பச்சையா நல்லா இருந்துச்சே பெரியப்பா" என்றான்.

"அதுதான்டா விஷயம். அப்பத்தான் நீ வயல்ல இறங்கிப் பார்த்திருக்கணும்" என்றேன்.

உங்கள் ஊரில் இதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.